மாதம் தவறாத காய்ச்சல்

1

போன திங்கட்கிழமை காலையில் என் மகள் எஸ்தர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். முந்தின வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. இங்கே மலாயாவில், தைப்பிங்கில், ஒரு நாள் போகாவிட்டாலும் காரணம் எழுதி, தகப்பன் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாக வேண்டும். பதினாலு வயசுப் பிள்ளை, தானே இங்கிலீஷில் எழுதியிருந்தாள். நான் இங்கிலீஷ் வாத்தியார். கமா எங்கே விட்டிருக்கிறாள் என்று பார்க்கத்தான் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். வாசித்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. மாதாமாதம் வருகிற வயிற்று வலி, அதனால் வீட்டில் படுத்திருந்தேன் என்று ஒளிவு மறைவில்லாமல் இரண்டே வரியில் எழுதியிருக்கிறாள்.

இதையெல்லாமா எழுதுவது, காய்ச்சல் என்று எழுதிக்கொண்டு வா என்றேன். எனக்குக் காய்ச்சல் இல்லையே அப்பா என்றாள். அதையும் இங்கிலீஷில்தான் சொன்னாள். வீட்டில் தமிழ் பேசு என்று நான் நூறு தடவை சொல்லியாகிவிட்டது.

அடுப்படியிலிருந்து என் மனைவி கிரேஸ் எட்டிப் பார்த்தாள். கடிதத்தில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கையெழுத்தைப் போட்டுக் கொடுங்கள், பிள்ளைக்கு நேரமாகிறது என்றாள். அவள் குரலில் வேறு ஏதோ இருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

சைக்கிளை மிதித்து என் பள்ளிக்கூடம் போய்ச் சேருகிறவரை கொதிப்பு அடங்கவில்லை. என்ன ஊர் இது, என்ன வளர்ப்பு இது, மலாயாவுக்கு வந்து பிள்ளை கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டதே என்று மனசுக்குள் ஒரு பிரசங்கமே நடத்தினேன். சாயங்காலம் நனைந்துகொண்டு திரும்பும்போதுதான் உறைத்தது. பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்தாள்? உள்ளதை எழுதினாள். என் கோபமெல்லாம் ஒரு பழைய காய்ச்சல் கடிதத்தின் மேல். அதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியான் மேல். அந்த வாத்தியான் நான்தான்.

மூன்று வருஷமாக இதை வெளியே சொன்னதில்லை. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் இருக்கிற நம்மவர்கள் வாசிக்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும் வந்துதான் எழுதுகிறேன்.

2

முதலில் இந்த ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. தைப்பிங்கில் மழை ஒன்றுதான் கேட்காமல் கிடைக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் மனுப் போட வேண்டும். நான் கப்பலை விட்டு இறங்கி, வேலைக்காக ஆபீசில் போய் நின்றபோது அங்கிருந்த கிளார்க்கு என் சர்ட்டிபிகேட்டுகளைச் சந்தையில் வெண்டைக்காய் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். எல்.டி. என்றால் என்ன என்றார். வாத்தியார் வேலைக்குப் படித்த படிப்பு என்றேன். படித்த இடத்திலிருந்து கடிதம் வாங்கி வா என்றார். கடிதம் வர ஏழு மாதம் ஆனது. வந்ததும் முத்திரை மங்கலாக இருக்கிறது என்றார். கடல் தாண்டினால் மனுஷன் மாறுவானோ என்னவோ, கிளார்க்கு மாறமாட்டார்.

வகுப்பில் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் பின் பெஞ்சில் அதே மாதிரி இழுத்துச் சொல்லிப் பார்க்கிறார்கள். கூட வேலை செய்கிற யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர், நீங்கள் வீட்டில் பேசுவது என்ன பாஷை என்று மரியாதையாகக் கேட்டார். தமிழ் என்றேன். அப்படியா என்றார். அருப்புக்கோட்டையில் நான் பேசின இங்கிலீஷைக் கேட்டு ஊரே வாயைப் பிளந்தது. இங்கே என் தமிழே பரீட்சையில் தேறவில்லை.

எஸ்தர் வந்த புதிதில் எங்கள் சொந்த ஊரான ரெட்டியபட்டிக்கு எப்போது திரும்பிப் போவோம் என்று அழுதாள். இப்போது ரெட்டியபட்டிக்கு ஒரு கடிதம் எழுது என்றால் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள். வீட்டில் இங்கிலீஷ், தெருவில் மலாய், எங்களைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ். அடிக்கவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். இங்கே லீவுக் கடிதத்தை வாசிக்கிறார்கள். போன திங்கட்கிழமை அவள் கொடுத்த கடிதத்தை வாசித்துவிட்டு, இப்போது வலி தேவலையா என்று அவள் டீச்சர் கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

3

அருப்புக்கோட்டையில் ஒரு ஹைஸ்கூலில் நான் பதினோரு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். சரித்திரமும் கணக்கும் தமிழுக்கு மாறிவிட்ட காலம். இங்கிலீஷ் மட்டும்தான் இங்கிலீஷாக மிச்சம். ரெட்டியபட்டியிலிருந்தும் காரியாபட்டிப் பக்கமிருந்தும் நடந்து வருகிற பையன்களுக்கு அந்தப் பாஷை காதில் விழுவது என் வாயிலிருந்து மட்டும்தான். என் வாயில் என்ன இருந்ததோ அதுதான் அவர்களுக்கு இங்கிலீஷ்.

நாலாவது பாரத்தில் முதல் வாரமே லீவு லெட்டர். அதை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்பது ஸ்கூல் ரூல். போர்டில் எழுதிப் போடுவேன். "ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்கி, மூன்று நாள் லீவு தரும்படி கெஞ்சி, தங்கள் கீழ்ப்படிந்த மாணவன் என்று முடியும். பத்துத் தடவை பார்த்து எழுத வேண்டும். அர்த்தம் புரிந்ததோ இல்லையோ, கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கேட்டாலும் பயல்கள் தப்பில்லாமல் சொல்வான்கள். நானும் மீசையைத் தடவிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு அந்த ஸ்கூலில் யாருக்கும் வேறு எதுவும் வரவில்லை. காய்ச்சல்தான். பருத்தி எடுக்கப் போனவனுக்குக் காய்ச்சல். யுத்த காலத்தில் நூலுக்கு ரேஷன். தறிக்காரர்கள் விடியுமுன்னே போய் டிப்போ வாசலில் வரிசையில் நிற்பார்கள். அப்பனுக்குப் பதிலாக நின்ற பையனுக்குக் காய்ச்சல். அண்ணன் கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சட்டையெல்லாம் சந்தனத்தோடு வந்தவனும் அதே லெட்டரைத்தான் நீட்டினான். காய்ச்சலுக்குச் சந்தனம் பூசி விட்டாகளாக்கும் என்று கேட்டேன். வகுப்பே உருண்டு சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஒரு பையனுக்கு அப்பா இறந்துபோனார். பதினாறு நாள் கழித்து மொட்டைத் தலையோடு வந்து நின்றான். கையில் லெட்டர். காய்ச்சலால் அவதிப்படுவதால் என்று எழுதியிருந்தான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், நான் சொல்லிக்கொடுத்ததும் அவ்வளவுதான். ஓரத்தில் இனிஷியல் போட்டுவிட்டு, போய் உட்கார் என்றேன்.

யோசித்துப் பாருங்கள். பையன் அர்த்தம் தெரியாமல் எழுதுகிறான். அப்பன் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடுகிறான். வாத்தியார் நான் வாசிக்காமல் இனிஷியல் போடுகிறேன். கிளார்க்கு அதை வாங்கிக் கம்பியில் குத்துகிறார். நாலு பேர் கை பட்ட காகிதத்தில் ஒருத்தர் கண்ணும் படவில்லை. இதற்குப் பெயர் படிப்பு, இதற்கு ஒரு ரூல், இதை மேற்பார்வை பார்க்க வருஷத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வேறு. அவர் வரும்போது வாழைப்பழமும் மாலையும் வாங்கி வைப்போம்.

4

யுத்தம் முடிந்த வருஷம் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு புது ஹெட்மாஸ்டர் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒழுங்குக்காரர். அதற்கு முந்தின வருஷம்தான் எங்கள் டிராயிங் வாத்தியார் க்ஷயரோகத்தில் போய்ச் சேர்ந்திருந்தார். ஊரெல்லாம் பயம். தொத்து வியாதி உள்ள பிள்ளைகளை ஸ்கூலில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஸ்கூல் கமிட்டியார் சொல்லிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? கம்பியில் குத்தியிருந்த லீவு லெட்டர்களை எல்லாம் இறக்கி, பேர் வாரியாகப் பிரித்து, நூல் போட்டுக் கட்டி, வாசிக்க உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷத்தில் என் காய்ச்சல் லெட்டரை வாசித்த முதல் மனுஷர் அவர்தான்.

எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிற கடைசி வகுப்பான ஆறாவது பாரத்தில் அந்த வருஷம் மூன்று பெண் பிள்ளைகள். பெண்களுக்குத் தனி ஹைஸ்கூல் இல்லாததால் பையன்கள் ஸ்கூலிலேயே ஓரத்தில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைத்திருந்தோம். இரண்டு பேர் எங்கள் சர்ச்சுப் பிள்ளைகள். மூன்றாவது பிள்ளையைச் சொர்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பேரை எழுத மாட்டேன். பஜாரில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தவர் மகள்.

அவர்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதத்தில் மூன்று நாள் பின்கட்டில் தனிப் பாய், தனித் தட்டு, தனிச் செம்பு. வெளியே தலை காட்டக் கூடாது, புத்தகத்தைத் தொடக் கூடாது. நாலாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஸ்கூலுக்கு வருவாள். வந்தால் லெட்டர் கொடுக்க வேண்டும், இங்கிலீஷில் கொடுக்க வேண்டும். என்ன எழுதுவாள்? காய்ச்சல் என்று எழுதினாள். எங்கள் சர்ச்சுப் பிள்ளைகள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது, அவர்கள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஆகவே மாதம் தவறாத காய்ச்சல் சொர்ணம் ஒருத்திக்குத்தான்.

ஒரு திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அவள் லெட்டர்க் கட்டை மேஜையில் வைத்தார். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தடவை காய்ச்சல் வருகிறது, மூன்று நாள் இருக்கிறது, போகிறது, மறுபடி வருகிறது, ஆளும் மெலிந்த ஆள், இது நல்லதற்கில்லை என்றார். வெள்ளிக்கிழமை சென்னைக்கு அனுப்புகிற எஸ்.எஸ்.எல்.சி. பட்டியலில் அவள் பெயரை எடுத்துவிடப் போகிறேன் என்றார். அந்த மனுஷருக்கு மூன்று பெண் குழந்தைகள். இருபத்தெட்டு நாள் என்று தன் வாயாலேயே சொல்கிறார். நிஜமாகவே புரியவில்லையா, புரிந்தும் புரியாத மாதிரி இருந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

"சார், அது காய்ச்சல் இல்லை" என்றேன்.

"பிறகு என்ன?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே வேப்பமரத்தடியில் பையன்கள் தண்ணீர்ப் பானையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் பலவீனம்தான் சார்."

"அதைத்தானே நானும் சொல்கிறேன்" என்று கட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

வாத்தியார்கள் அறையில் விஷயம் பரவியது. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் கல்யாணம் ஆனவர்கள், பிள்ளை பெற்றவர்கள். எல்லாருக்கும் தெரியும். கணக்கு வாத்தியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, அது பொம்பளை சமாச்சாரம், நமக்கெதுக்கு என்றார். நானும் எனக்கு நானே சாக்குகளை அடுக்கினேன். நான் வேற்று மதத்துக்காரன், அவர்கள் வீட்டு வழக்கத்தைப் பற்றி நான் வாய் திறந்தால் வேறு விதமாகப் போகும். ஒரு வயசுப் பெண்ணைப் பற்றி ஆண்பிள்ளை பேசினால் அவளுக்குத்தான் கெட்ட பெயர். ஒவ்வொரு சாக்கும் நியாயமாகத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வெட்கம். த்தூ, அதுவும் ஒரு வெட்கமா! வெள்ளிக்கிழமை பட்டியல் தபாலில் போனது.

5

அந்தப் பரீட்சை சொர்ணத்துக்கு எவ்வளவு பெரிது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவள் அப்பா ஒரே சொல்லாகச் சொல்லியிருந்தார். இந்த ஒரு தடவை எழுதட்டும், பாஸ் பண்ணினால் மதுரையில் டீச்சர் டிரெயினிங். இல்லாவிட்டால் சித்திரையில் பாலவனத்தத்து மாமன் மகன். மாமன் வீட்டார் வந்து பேசியும் போயிருந்தார்கள். அடுத்த வருஷம் எழுதுகிறேன் என்ற பேச்சுக்கே அங்கே இடம் கிடையாது.

என் வகுப்பில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுகிற பிள்ளை அவள் ஒருத்திதான். மற்றவர்கள் நோட்ஸில் உள்ளதை அப்படியே இறக்குவார்கள். பசுவைப் பற்றி எழுதச் சொன்னால் நாற்பது பேரும் பசு சாதுவான பிராணி என்று ஆரம்பிப்பார்கள். இவள், எங்கள் வீட்டில் பசு இல்லை, கடையில் எறும்பு இருக்கிறது என்று ஆரம்பித்து, கருப்பட்டிச் சிப்பத்துக்குள் எறும்பு எப்படிப் போகிறது, அவள் அப்பா அதை எப்படித் திட்டுகிறார் என்று இரண்டு பக்கம் எழுதினாள். தப்புகள் இருந்தன, இருக்கத்தானே செய்யும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிரேஸுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் கிரேஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. நின்ற நிலையில் என்னைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமையே தெரிஞ்சும் வெள்ளிக்கிழமை வரைக்கும் வாய மூடிக்கிட்டா இருந்தீங்க?" என்றாள்.

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே பஜாருக்கு, அந்தக் கருப்பட்டிக் கடைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மணி அடிக்குமுன்னே சொர்ணத்தின் அம்மா ஸ்கூல் வாசலில் நின்றார்கள். கடையில் வியாபாரமும் பார்க்கிற அம்மாள். நெடுநெடுவென்று உயரம், பேச்சில் கத்தி. பியூன் தடுத்ததைக் கண்டுகொள்ளாமல் ஹெட்மாஸ்டர் அறைக்குள் நுழைந்தார்கள். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"எம் பிள்ளைக்கு என்னய்யா வியாதி?"

ஹெட்மாஸ்டர் அலமாரியிலிருந்து கட்டை எடுத்து, மாதாமாதம் காய்ச்சல் என்று அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள், அப்பா கையெழுத்தும் இருக்கிறது, பாருங்கள் என்றார். அந்த அம்மாள் காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

"காய்ச்சலா? அவ பெறந்ததுல இருந்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது ரெண்டே மட்டம்யா. இது தூரம். மாசத்துக்கு மூணு நாளு. எல்லாப் பொம்பளைக்கும் உள்ளது. அது வராம நின்னாத்தான் ஆசுபத்திரிக்குப் போவாக."

ஹெட்மாஸ்டருக்குக் கழுத்து வரை சிவந்துவிட்டது. மை புட்டியைத் திறந்தார், மூடினார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்கள். சத்தம் தணிந்துவிட்டது.

"வாத்தியாரய்யா, நீங்களும் பொம்பளப் பிள்ளயப் பெத்தவுகதான. உங்களுக்குமா தெரியல?"

"தெரியும்மா" என்றேன்.

"தெரிஞ்சுமா" என்றார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் அவர்கள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

6

ஹெட்மாஸ்டர் உடனே இறங்கி வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பட்டியல் போய்விட்டது, ஆனாலும் காரணம் காட்டி ஒரு கடிதம் எழுதினால் பெயரைச் சேர்ப்பார்கள், நீங்கள் இங்கிலீஷ் வாத்தியார், நீங்களே எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அம்மாளுக்கும் சமாதானம் சொல்லி அனுப்பினார்.

அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். நாலு டிராஃப்ட் போட்டேன். கடைசியில் வந்தது இதுதான்: இம்மாணவியின் விடுமுறைகள் யாவும் காலமுறைப்படி நேரும் இயற்கையான தேக அசௌகரியத்தின் காரணமாகவே ஏற்பட்டவை. தமிழில் சொன்னால் ஒன்றுமில்லை. இங்கிலீஷில் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு வார்த்தையும் பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு நின்றது. ஹெட்மாஸ்டர் வாசித்துவிட்டு, ரொம்ப கௌரவமாக எழுதியிருக்கிறீர்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, யார் மனமும் கூசவில்லை என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மாணவிக்கு அடிக்கடி தேக அசௌகரியம் ஏற்படுவதைப் பள்ளியே ஒப்புக்கொள்வதால், க்ஷயரோகம் இல்லை என்று சர்க்கார் டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கி, குறிப்பிட்ட தேதிக்குள் அனுப்பினால் பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. அந்தத் தேதி, கவர் எங்கள் கைக்கு வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே போய்விட்டது. இதை எழுதின மகானுக்கு ஒரு காலண்டர் கிடைக்கவில்லை போலிருக்கிறது. தந்தி அடித்தோம். பதில் இல்லை. மறுபடி அடித்தோம். முந்தின கடிதத்தைப் பார்க்கவும் என்று வந்தது.

அந்த ஆபீஸை நான் திட்டாத திட்டு இல்லை. கிரேஸ் ஒரு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவன் உங்க லெட்டர வாசிச்சுத்தானே பதில் எழுதினான் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் மேல்தான் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சொர்ணம் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பரீட்சைக்கு நான் கொடுத்திருந்த பழைய கேள்வித்தாள்களைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். அம்மாள் உள்ளே கிரேஸோடு போய் உட்கார்ந்துவிட்டார்கள். என்னிடம் பேசவில்லை. சொர்ணம் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். அழுது முடித்த முகம். நான் ஏதோ ஆறுதலாக, எவ்வளவோ எழுதிப் பார்த்தோம், கல்லில் முட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது என்று சொன்னேன்.

"மெட்ராஸுக்கு எழுதுன லெட்டர நான் பாக்கலாமா சார்?" என்று கேட்டாள்.

டிராயரைத் திறந்து, நான் வைத்திருந்த நகலை எடுத்துக் கொடுத்தேன். அவளைப் பற்றிய கடிதம், அவள் பார்க்கக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அதோடு, சொன்னால் வெட்கக்கேடு, அந்த இங்கிலீஷை அவள் பார்க்கட்டும் என்றும் ஒரு மூலையில் எனக்கு ஆசை இருந்தது. நின்றபடியே வாசித்தாள். எந்த வார்த்தைக்கும் என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை.

"இதுவும் காய்ச்சல்தான் சார்" என்றாள். "பெரிய பெரிய வார்த்தையா எழுதியிருக்கீக. அம்புட்டுத்தான்."

காகிதங்களை வாங்கக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. கடிதத்துக்கு அடியில் என் டிராஃப்டுகளும் சேர்ந்தே வந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கடைசித் தாள் நான் முதன்முதலில் எழுதினது. அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதன் மேல் நானே நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தேன்.

கோட்டுக்கு அடியில் இருந்ததை அவள் இங்கிலீஷில் வாய்விட்டு வாசித்தாள். இந்த மாணவிக்கு நோய் எதுவும் இல்லை, மாதவிடாய் நாட்களில் பெண்களை வீட்டில் நிறுத்தி வைப்பது அவள் குடும்பத்து வழக்கம் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு வார்த்தை மட்டும் அவளுக்குப் புதுசு. எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். இந்தத் தடவை எங்கும் தடுக்கவில்லை. உள்ளே பேச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"தப்பா இருந்தாத்தானே சார் கோடு போட்டு அடிப்பீக" என்றாள். "இதுல தப்பு ஒண்ணும் இல்லயே?"

இல்லை என்று சொன்னேன். சித்திரையில் அவளுக்குப் பாலவனத்தத்தில் கல்யாணம் நடந்தது.